புளியறையில் வண்டி நிற்கும்போது

கேரளத்து ஆலப்புழையில் வாத்துகள் சாகின்றன என்று செய்தி வந்தால் போதும், புளியறையில் வேலையின் சாயலே மாறிவிடும். செங்கோட்டையைத் தாண்டி, இரு பக்கமும் வயல் பச்சையாய் விரிந்து கிடக்க, எதிரே மலை எழுந்து நிற்க, எஸ் வளைவில் ஏறிக் கோட்டவாசலுக்குப் போகும் சாலையில் இருக்கும் எல்லைச் சோதனைச்சாவடி அது. காவல்துறைக்காரர்கள் எப்போதும் இருப்பார்கள். பறவைக் காய்ச்சல் காலத்தில் கால்நடைப் பராமரிப்புத் துறையும் வந்து உட்காரும். ஒரு கால்நடை உதவி மருத்துவர், ஒரு ஆய்வாளர், சில உதவியாளர்கள், முதுகில் மாட்டும் மருந்துத் தெளிப்பான், தண்ணீர் டிரம். கேரளத்தில் கோழி இறக்கிவிட்டு வெறுங்கூண்டோடு திரும்பும் வண்டிக்கு டயரிலிருந்து கூண்டு வரை கிருமிநாசினி அடிப்பார்கள். அங்கிருந்து கோழி, வாத்து, முட்டை, தீவனம், கோழி எரு ஏற்றி வரும் வண்டியை வந்த வழியே திருப்பிவிடுவார்கள்.

காரில் போகிறவருக்கு அது ஐந்து நிமிடத் தாமதம். லாரி ஓட்டுநருக்கு அன்றைய நடைக்காசு. கூண்டு தூக்கும் பையன், மருந்தடிக்கும் உதவியாளர், தென்காசியில் கறிக்கடை வைத்திருப்பவர், பிரானூர் பார்டரில் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்பவர், சீசனை நம்பிக் குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துபவர் என்று எல்லாருக்கும் அது பிழைப்பு. பறவையிலிருந்து மனிதருக்கு வரக்கூடிய புது ஃப்ளூ பற்றி மருத்துவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவரும் வேலை கொடுக்கிறவரும் என்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். ஏனென்றால் புது ஃப்ளூ எங்கிருந்து வந்தாலும், அது முதலில் தொடுவது பெரும்பாலும் ஒரு தொழிலாளியின் கையை.

எத்தனை முறை வந்திருக்கிறது

2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை மாவட்டங்களில் வாத்துகளுக்கு எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் வந்தது, இலட்சக்கணக்கில் அழித்தார்கள். 2016 அக்டோபரில் குட்டநாட்டில் எச்5என்8. 2021 ஜனவரியில் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் மறுபடி அதே எச்5என்8. அந்த ஆண்டு டிசம்பரிலேயே தகழியில் எச்5என்1. 2024 ஏப்ரலில் எடத்துவாவும் செருதனாவும். ஒவ்வொரு முறையும் புளியறையில் தெளிப்பானை எடுத்திருக்கிறார்கள். இதை எதிர்பாராத விபத்து என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும் என்று தெரிந்து கூரையைப் பார்ப்பதுபோல, நம் தொழிலின் நாட்காட்டியில் இதற்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.

ஏன் மறுபடி மறுபடி இந்தக் குட்டநாட்டுப் பக்கம்? அறுப்பு முடிந்த வயலில் அங்கே வாத்து மேய்கிறது. அதே தண்ணீரில் குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வரும் பறவைகளும் இறங்குகின்றன. காட்டு வாத்துகளின் குடலில் ஃப்ளூ வைரஸ் பெரிய தொந்தரவு இல்லாமல் வாழும், எச்சத்தோடு தண்ணீரில் கலக்கும். வீட்டு வாத்துக்கும் அங்கிருந்து கோழிக்கும் போகும்போதுதான் பட்டி பட்டியாகச் சாகடிக்கிறது. இந்த ஏற்பாடு நம் பக்கமும் அப்படியே இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்திலும் சிற்றாற்றுப் பாசனத்திலும் அறுத்த வயலில் வாத்துப் பட்டி இறங்குகிறது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வருகிறது. அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்கிறார்கள். பறவைமேல் பழி சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாத்து மேய்ப்பவருக்கும் குளத்துக்காரருக்கும் கோழிப் பண்ணைக்காரருக்கும் இடையே ஒரு கண்ணுக்குத் தெரியாத பாதை உண்டு, அதைத் தெரிந்துகொண்டு வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான்.

சந்தேகச் சாவு என்றால் மாதிரி போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போகும். உறுதியானால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழி, வாத்து எல்லாம் அழிக்கப்படும்; பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. அழிக்கப்பட்ட பறவைக்கு அரசு இழப்பீடு தருகிறது, மத்திய அரசும் மாநில அரசும் பாதிக்குப் பாதி. ஏற்கெனவே நோயில் செத்துப்போன பறவைக்கு அந்த இழப்பீடு இல்லை. ஆகவே செத்த கோழியை ராத்திரியோடு ராத்திரியாக ஓடையில் வீசுபவருக்குக் காசும் கிடைக்காது, ஊருக்கும் கேடு. நாலு கோழி ஒரே நாளில் காரணம் தெரியாமல் செத்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணையும் கூப்பிடலாம். முந்திச் சொன்னவருக்குத்தான் மிச்சம் இருக்கும் பறவைக்குக் காசு.

எட்டு மூட்டை

புது ஃப்ளூ எப்படிப் ‘புது’ ஆகிறது? இதைப் புரிந்துகொண்டால் மற்ற முன்னேற்பாடுகள் எதற்கு என்பது தானாக விளங்கும்.

ஃப்ளூ வைரஸின் மரபுப்பொருள் ஒரே நூலாக இல்லை, எட்டுத் துண்டாக இருக்கிறது. எட்டு மூட்டை ஏற்றிய லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பறவை ஃப்ளூ லாரி ஒன்றும் மனித ஃப்ளூ லாரி ஒன்றும் ஒரே ஷெட்டில், அதாவது ஒரே பன்றியின் உடம்பிலோ ஒரே மனிதரின் உடம்பிலோ, ஒரே நேரத்தில் நின்றால் மூட்டைகள் கலந்து ஏறி மூன்றாவது லாரி ஒன்று கிளம்பலாம். அப்படி ஒரு சரக்கை எந்த உடம்பும் அதற்கு முன் பார்த்ததில்லை. எதிர்ப்புச் சக்தி பரிசோதிக்காமலே உள்ளே விட்டுவிடும். 2009இல் வந்த எச்1என்1 அந்த வகை. பன்றி, பறவை, மனிதர் மூன்று தரப்பின் மூட்டைகளும் அதில் இருந்தன. ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் கண்டுபிடித்தார்கள். மே மாதம் ஹைதராபாத்தில் விமானத்தில் வந்திறங்கிய ஒருவருக்கு இருந்தது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆகஸ்ட் தொடங்கியதும் புனேயில் 14 வயது மாணவி இறந்துபோனார். கண்டுபிடிப்புக்கும் நம் நாட்டின் முதல் சாவுக்கும் இடையே நாலு மாதம்கூட இல்லை.

எச்5என்1 இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. அது மனிதரிலிருந்து மனிதருக்கு எளிதாகத் தாவுவதில்லை. ஆனால் பிடித்தால் கடுமையாகப் பிடிக்கிறது: 2003 முதல் உலகில் பதிவான 900க்கும் மேற்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். லேசாக வந்துபோனவை கணக்கில் வராமல் இருக்கலாம் என்றாலும் இது சின்ன எண் இல்லை. இந்தியாவில் 2021 ஜூலையில் தில்லி எய்ம்ஸில் ஹரியாணாவைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் இறந்தான். 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தை. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் எச்5என்1 கறவை மாடுகளிலேயே நுழைந்துவிட்டது. அங்கே தொற்றியவர்கள் எழுபது பேர் அளவில். அவர்களில் பெரும்பாலோர் மாட்டுப் பண்ணையிலும் கோழிப் பண்ணையிலும் வேலை செய்தவர்கள்.

இதிலிருந்து ஒரு வேலை யோசனை. ஆண்டுதோறும் போடும் சாதாரண ஃப்ளூ தடுப்பூசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனாலும் கோழி வேலை செய்பவர்கள் அதைப் போட்டுக்கொள்வது நல்லது என்று வல்லுநர்கள் சொல்லக் காரணம், அந்த இரண்டு லாரியும் ஒரே ஷெட்டில் நிற்காமல் இருக்கத்தான். நம் பகுதியில் ஃப்ளூ அதிகம் சுற்றுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. புரட்டாசிக்கு முன்னால் போட்டுக்கொண்டால் சரியாக இருக்கும். பண்ணை வைத்திருப்பவர், கடை வைத்திருப்பவர், தம் ஆட்களுக்கு ஊசிக் காசைத் தானே கொடுத்தால் அது தருமம் இல்லை, தொழில் செலவு.

கடையின் பின்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கறிக்கடையின் முன்பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். தராசு, கட்டை, தொங்கும் கோழி. பின்பக்கம் போய்ப் பாருங்கள். கூண்டிலிருந்து பையன் ஒருவன் வெறுங்கையால் காலைப் பிடித்து இழுக்கிறான். கோழி இறக்கையை அடிக்கும். எச்சமும் தூசியும் பறக்கும். கழுத்தை அறுத்துக் கூம்பில் தலைகீழாக வைப்பார்கள். பிறகு சுடுதண்ணி டிரம், பிறகு முடி பிடுங்கும் மெஷின். அந்த மெஷின் டிரம் சுற்றும்போது ஈரமான ஒரு புகை எழும்பும், வெயில் சாய்வாக விழும் இடத்தில் நன்றாகத் தெரியும். குனிந்து கோழியைப் போடுகிறவனின் மூக்கு அந்தப் புகைக்கு மேலே ஒரு முழம்கூட இல்லை. அதே கையால் நெற்றி வியர்வையைத் துடைக்கிறான், அதே கையால் டீக் கிளாஸை வாங்குகிறான். வாரத்தில் ஆறு நாள் இதில் ஒன்றுமே ஆகாது. கோழியில் வைரஸ் இருக்கும் ஏழாவது நாளில், ஒரு புது ஃப்ளூ மனித உடம்புக்குள் நுழைய இதைவிட வசதியான வாசல் கிடையாது.

அங்கே செய்ய வேண்டியவை பெரிய செலவு இல்லை. மெஷினுக்கு மூடி, அதைச் சுவரோரம் இல்லாமல் காற்றோட்டமான பக்கம் வைப்பது. அந்த வேலைக்கு நிற்பவருக்கு என்95 முகக்கவசம், கண்ணுக்குச் சாதாரணக் கண்ணாடிக் கவசம், முழங்கை வரை கையுறை, ரப்பர் பூட்ஸ், பிளாஸ்டிக் ஏப்ரன். துணி முகக்கவசம் தூசிக்கு ஆகும், இதற்குப் போதாது. என்95 மூக்கின் மேல் அழுத்தி, ஓரத்தில் காற்று கசியாமல் இருந்தால்தான் பலன். அடர்ந்த தாடிக்கு மேல் போட்டால் பாதி வீண். கறிக்கடைப் பையனிடம் இதையெல்லாம் வருடம் முழுக்க மாட்டச் சொன்னால் வெக்கையில் தாங்க மாட்டான், எனக்கும் தெரியும். கேரளத்திலோ நம் பக்கமோ பறவைக் காய்ச்சல் உறுதி என்று செய்தி வந்த நாளிலிருந்து மாட்ட வேண்டும். அதற்கு அந்தச் சாமான் ஏற்கெனவே அலமாரியில் இருக்க வேண்டும். செய்தி வந்த பிறகு மருந்துக்கடைக்கு ஓடினால் என்95 கிடைக்காது. 2020இல் பார்த்தோம்.

போடுவதைவிடக் கழற்றுவதில்தான் தவறு நடக்கிறது. அழுக்கு கையுறையில்தான் அதிகம். ஆகவே முதலில் கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்துப் போட்டுக் கையை சோப்பால் கழுவுங்கள். பிறகு கண்ணாடி, பிறகு ஏப்ரன். முகக்கவசம் கடைசியில், முன்பக்கத்தைத் தொடாமல், காதோரக் கயிற்றைப் பிடித்து. மறுபடி கை கழுவுதல். பலர் முதலில் முகக்கவசத்தை இழுத்துத் தாடைக்கு இறக்கிவிட்டுத்தான் மற்றதைக் கழற்றுகிறார்கள். அழுக்குக் கையுறையோடு மூக்கைத் தொட்டதுதான் மிச்சம்.

தரைக்கும் கூண்டுக்கும் பிளீச்சிங் பவுடர் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம். அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும், வைத்தால் வீரியம் போய்விடும். எச்சமும் இறகும் ஒட்டியிருக்கும் கூண்டின் மேல் அடித்தால் வேலை செய்யாது; முதலில் தேய்த்துக் கழுவி, பிறகு கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். ஆசிட்டோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். ஆள்மேல் தெளிப்பதும் கூடாது.

வண்டிக்காரருக்கு

புளியறையில் டயருக்கு மருந்தடிக்கும்போது பல ஓட்டுநர்கள் அதை ஒரு சடங்குபோல நினைக்கிறார்கள். காரணம் இருக்கிறது. எச்சம் கலந்த சேறு டயர் வரிப்பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு வரும். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் அதில் வைரஸ் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கண்ணில் படாத அந்தச் சேற்றோடு வண்டி நேரே இன்னொரு பண்ணை வாசலுக்குப் போனால், வண்டிச் சத்தம் கேட்கும் முன் நோய் உள்ளே போய்விடும். ஆகவே சோதனைச்சாவடிக்காரர் அடிப்பதை மட்டும் நம்ப வேண்டாம். கோழி இறக்கிய இடத்திலேயே ஒரு குழாய்த் தண்ணீர் கேட்டு டயர், மட்கார்டு, பின்பலகை, கூண்டு எல்லாவற்றையும் அலசிவிட்டுக் கிளம்புங்கள். பெடலும் மிதியடியும் மறந்துபோகும் இடங்கள். பண்ணைக்குள் மிதித்த அதே செருப்பு அங்கேதான் அழுந்துகிறது. வண்டிக்குள் ஒரு செருப்பு, பண்ணைக்கு ஒரு பூட்ஸ் என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இரவில் தீவன லாரி ஒன்றைப் புளியறையில் நிறுத்தியபோது ஓட்டுநர் கேட்டது நினைவிருக்கிறது: “தீவனம்தானே சார், கோழி ஒண்ணும் இல்லையே?” கேள்வி நியாயமானதுதான். தீவன மூட்டை பண்ணையில் எச்சத்தின் மேல் இறங்கி ஏறியிருக்கலாம், திருப்பி அனுப்பும் மூட்டையாக இருக்கலாம். அதனால்தான் தீவனமும் தடைப் பட்டியலில் வருகிறது. அதிகாரியிடம் மல்லுக்கு நின்று பயனில்லை. கிளம்பும் முன்பே சரக்கு ஏற்றிவிடுபவரிடம், தடை இருக்கிறதா, எந்தெந்தச் சரக்குக்கு, திருப்பினால் காத்திருப்புக் கூலி யார் தருவது என்று கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘பாத்துக்கலாம் அண்ணாச்சி’ என்ற பேச்சு, எல்லையில் வண்டி நிற்கும்போது சோறு போடாது. திருப்பிவிட்டால் குறுக்குப் பாதை தேடிப் போக வேண்டாம். அப்படிப் போன ஒரு வண்டி, ஒரு ஒன்றியத்தின் அத்தனை பண்ணையையும் மூட வைக்கலாம்.

கோழி ஓட்டத்தையே நம்பியிருப்பவர்கள் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை லோடு, சிமெண்ட், அரிசி என்று இரண்டாவது ஓட்டம் ஒன்றைச் சும்மா இருக்கும் நாளிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பறவைக் காய்ச்சல் தடை வாரக்கணக்கில் நீளும். தவணை கட்டும் வண்டிக்கு ஒரு மாதச் சும்மா என்பது பெரிய அடி.

கூலி போகாது என்ற வார்த்தை

இனி சொல்வதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியம். முகக்கவசம், பிளீச்சிங் பவுடர், தடுப்பூசி எல்லாவற்றையும்விட ஒரு புது ஃப்ளூவை வேலையிடத்தில் நிறுத்துவது, உடம்பு கணகணவென்று இருக்கும் அன்று ஆள் வீட்டில் இருப்பது. நாள்கூலிக்காரர் வீட்டில் இருக்க மாட்டார். இருக்கவும் முடியாது. மாத்திரை ஒன்றை முழுங்கி, வெந்நீர் குடித்து, வேலைக்கு வந்துவிடுவார். வந்தவர் பக்கத்தில் நிற்கும் மூன்று பேருக்குக் கொடுப்பார்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில், காய்ச்சலோடு வந்து கணக்கு முடித்தவரைக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துப் பாராட்டினார்கள். அடுத்த வாரம் எங்கள் அறையில் ஆறு நாற்காலி காலி. அவர் செய்தது உழைப்பு என்றுதான் அப்போது நானும் நினைத்தேன், கைதட்டினேன்.

முதலாளிமார்களுக்கு ஒரு கணக்கு. ஒருவருக்கு மூன்று நாள் கூலி கொடுத்து வீட்டில் உட்கார வைப்பது, நாலு பேர் ஒரே வாரத்தில் படுத்து ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை மூடுவதைவிட மலிவு. இதைச் சொல்ல வேண்டிய நேரம் கொள்ளைநோய் வந்த நாள் இல்லை. அன்றைக்குச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இன்றைக்கே கூப்பிட்டு, “காய்ச்சல்னா வராதே தம்பி, மூணு நாள் சம்பளம் உண்டு, வேலையும் உனக்குத்தான்” என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். ஒரு முறை நடைமுறையில் காட்டுங்கள். அதற்குப் பிறகு உங்கள் கடையில் காய்ச்சல் மறைக்கப்படாது.

சட்டமும் கொஞ்சம் துணை இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, கடை ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. கடையில் வேலை பார்க்கும் பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் கேட்கத் தயக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. வரும், அதில் மருத்துவர் சான்று இருந்தால் நோய்க்காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. கார்டு இருந்தும் எண் தெரியாமல் இருப்பவர்கள் பலர். எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சுமை தூக்குபவர்கள் உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரியத்திலும், ஓட்டுநர்கள் தங்களுக்கான நலவாரியத்திலும் பதிந்து, பதிவைப் புதுப்பித்து வைத்திருந்தால் நெருக்கடிக்கால உதவி அறிவிக்கும்போது பட்டியலில் பெயர் இருக்கும். 2020இல் அரசு உதவித்தொகை அறிவித்தபோது, அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் பட்ட பாட்டைப் பலரும் பார்த்திருப்போம்.

குற்றாலத்துக்கு வந்துவிட்டால்

மனிதருக்கு மனிதர் பரவும் புது ஃப்ளூ வந்தால் கோழிக் கூண்டு பின்னால் போய்விடும், கூட்டம் முன்னால் வந்துவிடும். ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலத்துக்குக் கேரளம், தமிழகத்தின் எல்லா மாவட்டங்கள் என்று ஆள் கொட்டும். அருவியில் ஈரத்தோடு தோளோடு தோள் நிற்பார்கள், எண்ணெய் தேய்ப்பவரின் கை ஒரு நாளைக்கு இருபது முதுகைத் தொடும், லாட்ஜில் ஒரே தாழ்வாரத்தில் பத்து அறை. கொரோனாக் காலத்தில் அருவிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது இங்கே எத்தனை அடுப்பு எரியவில்லை என்று இந்த ஊருக்குத் தெரியும்.

லாட்ஜ், உணவகம் நடத்துபவர்கள் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியவை சில உண்டு. எந்த வேலையைச் செய்ய ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் தெரியும்? சாவி யாரிடம், கணக்கு யாரிடம், கேஸ் சிலிண்டருக்கு யாரிடம் சொல்ல வேண்டும்? அந்த ஆள் பத்து நாள் படுத்தால் யார்? இப்போதே இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்து வையுங்கள். ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவும் இன்னொரு குழுவும் சாப்பாட்டு அறையில்கூடச் சந்திக்காதபடி முறை வைத்தால், ஒன்று படுத்தாலும் மற்றொன்று நிற்கும். சாப்பாட்டு அறையில்தான் முகக்கவசம் கழற்றுகிறார்கள் என்பதால் வேலையிடத் தொற்றுக்கு அங்கே வாய்ப்பு அதிகம். சன்னலைத் திறந்து வையுங்கள். ஏசி அறையைவிடத் தென்மேற்குக் காற்று நல்ல மருந்து. ஒரு மாதச் சம்பளச் செலவு அளவுக்குக் கையில் ஒதுக்கி வைப்பது சீசன் ஊரில் கடினம்தான். ஆனாலும் சீசன் முடியும் ஆவணியில் அந்தத் தொகையை எடுத்து வைத்துவிட வேண்டும், புரட்டாசியில் கையில் இருக்காது.

வாய்ச்செய்தி இன்னொரு தொல்லை. 2020 தொடக்கத்தில், கோழி தின்றால் கொரோனா என்று கிளம்பிய புரளியில் கறிக்கோழி விலை தரைமட்டமானது. பண்ணைக்காரர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். 70 டிகிரிக்கு மேல் நன்றாக வெந்த கறியில், முட்டையில் ஃப்ளூ வைரஸ் மிஞ்சாது. நம் குழம்பு கொதிப்பது அதற்கும் மேலே. பார்டர் கடையில் எண்ணெயில் பொரிந்த கோழியைப் பயப்படாமல் சாப்பிடலாம். நோய் சுற்றும் மாதத்தில் ஆஃப்பாயில் வேண்டாம். பச்சைக் கறியைக் குழந்தை தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நரசராவ்பேட்டைக் குழந்தை பச்சைக் கறித் துண்டைத் தின்றதாகத்தான் வீட்டார் சொன்னார்கள். கறிக்கடைக்காரர் இதைச் சுத்தமாக ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டினால், புரளி வரும்போது வாடிக்கையாளர் நம்ப ஒரு முகம் கிடைக்கும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம்

செத்த பறவையை அள்ளியவர், நோய் வந்த பட்டியை அழித்தவர், அப்படிப்பட்ட பண்ணையில் கூண்டு ஏற்றியவர், கடைசியாகத் தொட்ட நாளிலிருந்து பத்து நாள் எண்ண வேண்டும். தினமும் காலை, மாலை உடம்புச் சூடு பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், இருமல், தொண்டை வலி, கண் சிவப்பு இதில் எது வந்தாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தென்காசி அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். போகும் முன் 104க்குப் பேசினால் வழி சொல்வார்கள். வீட்டில் குழந்தையிடமிருந்தும் பெரியவர்களிடமிருந்தும் தள்ளிப் படுத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குதல், மார்பு வலி, உதடு நீலம், ஆள் குழம்பிப் பேசுதல் என்றால் யோசிக்காமல் 108.

ஓசல்டாமிவிர் என்ற மாத்திரை இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் அதிகப் பலன். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. தானாக நாலு மாத்திரை போட்டு நிறுத்துவதும் தவறு. 48 மணி நேரம் என்பது எவ்வளவு குறைவு என்று பாருங்கள்: முதல் நாள் ‘சும்மா சளி’ என்று போகும், இரண்டாம் நாள் மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையில் போகும், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நிற்கும்போது நேரம் கடந்திருக்கும்.

வரிசையில் நின்று உள்ளே போனதும் மருத்துவர் கேட்பார், எத்தனை நாளாகக் காய்ச்சல், சாப்பிட முடிகிறதா என்று. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்காமல் போகலாம். காலையில் நூறு பேரைப் பார்ப்பவர் அவர். நீங்களே சொல்ல வேண்டும். “நான் கோழி வண்டியில லோடுமேன் சார். நாலு நாளைக்கு முன்னால கேரளாவுல ஒரு பண்ணையில செத்த கோழி அள்ளினேன்.” இந்த ஒரு வாக்கியம் அவர் யோசிக்கும் திசையையே மாற்றும். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று எழுத இருந்தவர் தொண்டையில் மாதிரி எடுக்கச் சொல்வார், தனி அறைக்கு அனுப்புவார், மாவட்ட சுகாதார அலுவலருக்குத் தகவல் போகும். அவரையே உங்கள் ஓ.பி. சீட்டின் ஓரத்தில் ‘கோழி வேலை’ என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த அறையில் இருப்பவர் உங்களிடம் மறுபடி கேட்காவிட்டாலும், சீட்டு அவரிடம் சொல்லும்.